மேல்வாய்ப் பல்லும் தீராத பீனிசமும்

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் முன்னோர் வழக்கு. பல் விழுந்தவரின் பேச்சில் சொற்கள் சிதைவதை மட்டும் கருதி அவர்கள் இதனைச் சொல்லவில்லை. பல் விழுவதோடு சபையில் ஒருவருக்கு இருந்த மதிப்பும் சற்றே குறைகிறது என்ற உலகியல் அறிவும் அதில் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் போன பல் போனதுதான். இன்று தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணி ஒன்றைப் பதித்து, அதன்மேல் இயற்கைப் பல்லைப் போன்ற ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். ‘இம்ப்ளான்ட்’ என்னும் சொல் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம்மவரின் வீடுகளிலும் இன்று சாதாரணமாகப் புழங்குகிறது.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும் இந்த முன்னேற்றத்தின் ஓரத்தில், அதிகம் பேசப்படாத துன்பம் ஒன்றும் உண்டு. மேல்வாயின் பின்பகுதியில் இம்ப்ளான்ட் பதித்துக்கொண்டவர்களுள் ஒரு சிறு தொகையினருக்குச் சில வாரங்களிலோ, சில ஆண்டுகள் கழித்தோ பீனிசம் பிடித்துக்கொள்கிறது. ஒருபக்க மூக்கடைப்பு, தொண்டைக்குள் இறங்கும் சளி, தனக்கு மட்டுமே தெரியும் துர்நாற்றம், கன்னத்தில் கனம் என்று அது தொடர்கிறது. அவர்கள் மூக்குக்கு மருந்து தேடி அலைகிறார்கள். நோயின் வேரோ வாயில் இருக்கிறது.

இந்த நோயைக் குணப்படுத்தும் அறிவு மருத்துவத்திடம் இல்லாமலில்லை. அந்த அறிவு இரண்டு துறைகளின் இரண்டு அறைகளில் பிரிந்து கிடப்பதும், அவ்விரு அறைகளுக்கும் இடையிலான தாழ்வாரத்தில் நோயாளி தனியே நிற்பதுமே பிரச்சினை என்பது எனது கருத்து. நான் வைத்தியன் அல்லன். பல ஆண்டுகள் செய்தி எழுதிய ஒருவன் என்ற வகையில், கேட்டும் படித்தும் அறிந்தவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

கன்னத்துக்குள் ஓர் அறை

நமது கன்ன எலும்புக்குள், மேல்வாயின் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, காற்று நிரம்பிய அறை ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. முகத்திலுள்ள சைனஸ் அறைகளுள் இதுவே பெரியது. வளர்ந்தவர்களில் சுமார் 15 மில்லிலீற்றர் கொள்ளளவு உடையது. இதன் தரைக்கும் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகளுக்கும் இடையில் உள்ள எலும்பு சிலருக்குச் சில மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். வேறு சிலருக்கு எலும்பே இல்லாமல், மெல்லிய சவ்வு மாத்திரமே இருக்கும். அந்தச் சவ்வின் தடிப்பு ஆரோக்கியமான நிலையில் பொதுவாக ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை.

லியனார்டோ டா வின்சி இவ்வறையை 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்டையோட்டு வரைபடங்களில் வரைந்து வைத்திருக்கிறார். எனினும் மருத்துவ உலகில் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கில வைத்தியர். 1651 ஆம் ஆண்டு வெளிவந்த தமது உடற்கூற்று நூலில் அவர் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறார். அப்பெண்மணிக்குத் தொல்லை தந்த பல்லொன்றைப் பிடுங்கியபோது அதன் குழி மேலேயுள்ள அறைக்குள் திறந்துகொண்டது. நீர் வடிந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்பிய அவர், வெள்ளி ஊசி ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்தார். பின்னர் பறவையின் இறகுக் காம்பு ஒன்றையும் செலுத்தினார். அது போய்க்கொண்டே இருந்ததைக் கண்டு, மூளையையே எட்டிவிட்டதோ என்று நடுங்கி வைத்தியரிடம் ஓடினார். அங்கே இயற்கையாகவே ஓர் அறை உண்டு என்று விளக்கி அவரைத் தேற்றினார் ஹைமோர்.

பல்லுக்கும் சைனஸுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ 375 ஆண்டுகளாக ஏட்டில் இருக்கிறது என்பதைச் சுட்டவே இதனைச் சொல்கிறேன். அறியப்படாத ஒன்றினால் நம் நோயாளிகள் துன்பப்படவில்லை. அறிந்திருந்தும் கேட்கப்படாத ஒரு கேள்வியினாலேயே பலர் துன்பப்படுகிறார்கள்.

திருகாணி வந்த கதை

இம்ப்ளான்டின் வரலாறு சுவீடனில் தொடங்குகிறது. பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1950 களின் தொடக்கத்தில், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்ற முனைந்தபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தைத் தன்னுடையதாக ஏற்று இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தற்செயலான அவதானிப்பிலிருந்து பிறந்த சிகிச்சையை 1965 இல் யோஸ்டா லார்சன் என்பவர் முதன்முதலாகப் பெற்றுக்கொண்டார். அவர் 2006 இல் இறக்கும்வரை அந்த இம்ப்ளான்ட்கள் அவருக்கு உழைத்தன. 1982 இல் ரொறன்ரோவில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே வட அமெரிக்கா இம்முறையை முழுமனதுடன் ஏற்றுக்கொண்டது.

மேற்தாடையின் பின்பகுதி இந்தச் சிகிச்சைக்கு எளிதான இடமன்று. அங்கே எலும்பு இயல்பாகவே மென்மையானது. பல் பிடுங்கப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தால் எலும்பு கீழிருந்து தேய்கிறது. மேலிருந்து சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரிகிறது. இறுதியில், திருகாணியைப் பிடிக்கப் போதிய எலும்பு எஞ்சுவதில்லை. இதற்குத் தீர்வாக 1970 களில் அமெரிக்காவில் உருவானதே ‘சைனஸ் லிஃப்ட்’ எனப்படும் சத்திரசிகிச்சை. அறையின் தரையிலுள்ள சவ்வை மெல்ல மேலே உயர்த்தி, அதன் கீழ் எலும்புத் துகள்களை நிரப்பி, பதிப்பதற்கு இடம் உண்டாக்குகிறார்கள்.

வெங்காயத் தோலை உரிப்பது போன்ற இந்த வேலையில், திறமையானவர்களின் கையிலும் சவ்வு கிழிவதுண்டு. சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு சிகிச்சைகளில் இவ்வாறு நிகழ்வதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அப்போதே சரிசெய்யப்பட்டுத் தீங்கின்றி ஆறிவிடுகின்றன. சிலவற்றில் மாத்திரம் எலும்புத் துகள்கள் அறைக்குள் சிதறி, சளி வெளியேறும் வழியை அடைத்துக்கொள்கின்றன. சிலவேளைகளில் எலும்பில் சரியாகப் பிடிக்காத திருகாணி முழுமையாக அறைக்குள் நழுவிவிடுகிறது. இது சிகிச்சையின்போதே நடக்கலாம். பல ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம். இன்னும் சிலரில், இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சியுற்று, தொற்று மெல்ல மேலேறுகிறது. பல் பிடுங்கிய குழி மூடாமல் வாய்க்கும் சைனஸுக்கும் இடையே துவாரமாக நிலைத்துவிடுவதும் உண்டு. அத்தகையோர் தண்ணீர் குடித்தால் மூக்கால் வரும்.

மறுபுறத்தில், இம்ப்ளான்டின் நுனி ஓரிரு மில்லிமீற்றர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதாக ஸ்கேனில் தெரிந்துவிட்டால் மட்டும் நோய் வந்துவிடுவதில்லை. அது எலும்பில் உறுதியாக இருந்தால் சவ்வு பெரும்பாலும் அதனைச் சகித்துக்கொள்கிறது. ஆகவே படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பதற்றமடைவதும் தவறு.

நண்பர் ஒருவரின் பதினொரு மாதங்கள்

என்னோடு ஒரே பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் தொண்ணூறுகளில் லண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தவர், மூன்று வாரங்களுக்குள் தெற்காசிய நகரம் ஒன்றிலுள்ள தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் மேல்வாயில் இரண்டு இம்ப்ளான்ட்களைப் பதித்துக்கொண்டு திரும்பினார். லண்டனில் கேட்ட தொகையின் சிறு பங்கே செலவாயிற்று என்று மகிழ்ச்சியோடு சொன்னார். இரண்டு மாதங்களில் இடப்பக்க மூக்கு அடைத்தது. குளிர்காலத் தடிமன் என்று நினைத்தார். குடும்ப வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தார், குறைந்தது, மருந்து முடிந்ததும் திரும்பி வந்தது. பின்னர் ஒவ்வாமை என்று மூக்கில் அடிக்கும் மருந்து. பின்னர் மீண்டும் நுண்ணுயிர்க்கொல்லி. இப்படியே பதினொரு மாதங்கள் கழிந்தன. தன் உடலில் இருந்து ஏதோ அழுகிய மணம் வருவதாக எண்ணி அவர் கூட்டங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

இறுதியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் அவரைப் பரிசோதித்த இளம் வைத்தியர் ஒருவர், “மேல்வாயில் அண்மையில் ஏதாவது பல் வேலை செய்தீர்களா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு மர்மம் அவிழ்ந்தது. ஸ்கேனில் ஓர் இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. அதற்கு மேலே அறை முழுவதும் சீழ். “ஒருவரும் என்னிடம் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை, அண்ணை. எனக்கும் பல்லில் ஒரு நோவும் இருக்கவில்லை, நான் எப்படிச் சொல்லுவது?” என்று தொலைபேசியில் அவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

அவரது கதையில் வியப்பதற்கு எதுவுமில்லை என்று பின்னர் படித்தபோது அறிந்தேன். பல்லால் வரும் பீனிசத்தில் பெரும்பாலானோருக்குப் பல் வலி இருப்பதில்லை. சீழுக்கு மேலே வெளியேற இடம் கிடைத்துவிடுவதால் பல்லைச் சுற்றி அழுத்தம் ஏறுவதில்லை. வலி இல்லாததே இந்நோயின் மிகப் பெரிய ஏமாற்று.

அடையாளங்கள் இல்லாமலில்லை. ஒருபக்கம் மட்டும் வருவது முதலாவது. சாதாரணத் தடிமனும் ஒவ்வாமையும் பெரும்பாலும் இருபக்கத்தையும் பிடிக்கும். துர்நாற்றம் இரண்டாவது. வாயில் வாழும், காற்று வேண்டாத பக்டீரியாக்களின் வேலை அது. மருந்து குடிக்கும்போது குறைந்து, நிறுத்தியதும் திரும்புவது மூன்றாவது. மேற்தாடைச் சைனஸ் தொற்றுகளில் 10 முதல் 12 வீதமே பல்லால் வருவது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. ஸ்கேன் வசதிகள் பெருகிய பின் வந்த ஆய்வுகள், நாட்பட்ட தொற்றுகளில் இது 40 வீதம் வரை இருக்கலாம் என்று சொல்கின்றன. இதில் இம்ப்ளான்ட் ஒரு பங்கு மாத்திரமே. சொத்தைப் பற்களும், வேர்நுனிச் சீழும், பல் பிடுங்கியதால் விழுந்த துவாரங்களும் மற்றைய பங்கினர்.

ஒருபக்க அடைப்பு எல்லாமே பல்லால் வருவது என்றும் முடிவு கட்டக்கூடாது. பூஞ்சைக் கட்டியும், அரிதாகப் புற்றுநோயும்கூட அப்படித் தோன்றலாம். ஆகவேதான், ஒருபக்கமாக நீடிக்கும் எந்தப் பீனிசத்தையும் மருந்தகத்தில் வாங்கிய குளிசையோடு கடத்திவிடக்கூடாது என்கிறார்கள்.

மருந்து மட்டும் ஏன் போதாது?

நம்மவரிடையே ‘அன்டிபயோட்டிக்’ மீதான நம்பிக்கை ஒருவகைப் பக்தியாகவே வளர்ந்துவிட்டது. வைத்தியரின் துண்டு இல்லாமலே அதனை வாங்கி விழுங்குபவர்கள் நம் நாட்டில் ஏராளம். இந்த நோயில் அம்மருந்துக்கு இடம் உண்டு. ஆனால் தனியிடம் இல்லை. சிகிச்சை முடிந்த உடனடி நாட்களில் தோன்றும் இலேசான தொற்று மருந்தோடு அடங்கக்கூடும். அறைக்குள் ஓர் உலோகத் துண்டோ எலும்புத் துகளோ கிடந்தால், அல்லது கீழிருந்து தொற்று ஊறிக்கொண்டே இருந்தால், எத்தனை முறை மருந்து குடித்தாலும் அது தற்காலிக அமைதியே. கிணற்றுக்குள் செத்த எலி கிடக்கும்போது தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருப்பது போன்றது அது. அதனைவிட, வீணே குடித்த மருந்துகளுக்குப் பழகிப்போன கிருமிகள் நாளை நமக்கும் அயலாருக்கும் எதிரியாக வந்து நிற்கும்.

சரியான சிகிச்சைக்கு இரண்டு பாகங்கள் உண்டு. கீழே தொற்றின் மூலத்தை அகற்றுவது ஒன்று. மேலே சைனஸ் அறையின் வடிகாலைத் திறந்துவிடுவது மற்றொன்று. எல்லோருக்கும் இரண்டும் தேவைப்படுவதில்லை. மூலத்தைச் சரிசெய்ததுமே சிலருக்கு அறை தானாகத் தெளிந்துவிடும். நாட்பட்ட நிலையில், வடிகால் அடைபட்டுவிட்டவர்களுக்கு இரண்டும் வேண்டும். பல நிலையங்களில் இரண்டையும் ஒரே மயக்க நிலையில், இரு துறையினரும் அருகருகே நின்று செய்துவிடுகிறார்கள்.

மேல்பாகத்தின் வரலாறு சுவையானது. 1890 களில் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கால்ட்வெல்லும் பாரிஸில் ஹென்றி லுக்கும் தனித்தனியே ஒரு சத்திரசிகிச்சையை வகுத்தனர். உதட்டின் உட்புறமாகக் கன்ன எலும்பை வெட்டி அறையைத் திறந்து, நோயுற்ற சவ்வைச் சுரண்டி எடுத்து, கீழ்ப்பகுதியில் மூக்குக்குள் ஒரு வழி விடுவதே அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இதுவே வழக்கமாயிருந்தது. கன்ன மரப்பும் வீக்கமும் அதன் துணைவிளைவுகள். பின்னர் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் வோல்டர் மெசர்கிளிங்கர் ஓர் உண்மையைக் கண்டு காட்டினார். அறையின் சவ்விலுள்ள நுண்ணிய பிசிர்கள் சளியை எப்போதும் மேலேயுள்ள இயற்கை வாசலை நோக்கியே தள்ளுகின்றன. கீழே எவ்வளவு பெரிய துவாரம் போட்டாலும் சளி அதனைத் தாண்டி மேலேதான் செல்லும். எனவே, அந்த இயற்கை வாசலைத் திறந்துவிட்டால் சவ்வு தானே தேறிவிடும். 1980 களில் ஸ்டம்பெர்கரும் அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் பரப்பிய ‘எண்டோஸ்கோப்’ சத்திரசிகிச்சை இந்த அறிவின்மேல் எழுந்ததே. முகத்தில் வெட்டில்லை. மெல்லிய குழாய்க் கமெராவை மூக்கு வழியாகச் செலுத்தி, வாசலை அகட்டி, உள்ளே இருக்கும் சீழையும் துகள்களையும் பல வேளைகளில் நழுவிப்போன திருகாணியையும்கூட வெளியே எடுத்துவிடுகிறார்கள். பெரிய திருகாணி எட்டாத மூலையில் கிடந்தால் மட்டும் வாய் வழியாகவும் செல்ல வேண்டியிருக்கும்.

இம்ப்ளான்டை என்ன செய்வது என்பதே நோயாளிகளின் முதற் கவலை. செலவழித்த பணம் கண்முன் நிற்கும். ஆடாமல், எலும்பில் உறுதியாக, சுற்றிலும் அழற்சியின்றி இருக்கும் இம்ப்ளான்டைப் பிடுங்காமலே, அறையை மட்டும் சுத்தம் செய்து குணமடைந்தவர்கள் உண்டு. ஆடுவதையும், எலும்பு கரைந்து போனதையும், அறைக்குள் நழுவியதையும் எடுத்தே ஆகவேண்டும். எடுத்த பின் வாய்க்கும் அறைக்கும் இடையில் துவாரம் எஞ்சினால், ஈற்றுத் தசையையோ கன்னக் கொழுப்பையோ இழுத்து மூடுகிறார்கள். எலும்பும் சவ்வும் தேறிய பின்னர், பொருத்தமானவர்களுக்கு மீண்டும் பதிப்பதற்கும் வாய்ப்பு உண்டு. எந்த வகை யாருக்கு என்பதை ஒரு பல் வைத்தியரோ ஒரு மூக்கு நிபுணரோ தனித்து முடிவு செய்ய முடியாது. இருவரும் ஒரே ஸ்கேன் படத்தின் முன் இருந்து பேசியாக வேண்டும்.

வாயை உடலிலிருந்து பிரித்தது யார்?

இங்கேதான் இடையூறு. பல நாடுகளைச் சேர்ந்த மூக்கு நிபுணர்களும் பல் நிபுணர்களும் ஒன்றுகூடி, பல்லால் வரும் பீனிசத்தை எவ்வாறு கண்டறிவது என்பது பற்றி வெளியிட்ட பொது உடன்பாடு 2021 ஆம் ஆண்டுக்குரியது. இரு துறையினரும் இணைந்தே கண்டறிய வேண்டும் என்பது அதன் சாரம். ஹைமோரின் நூலுக்கும் இந்த உடன்பாட்டுக்கும் இடையில் 370 ஆண்டுகள். இரு துறைகள் ஒரே மேசையில் அமர்வது அவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது.

பிரிவினைக்கு வரலாறு உண்டு. 1840 இல் அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் உலகின் முதலாவது பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது பல் மருத்துவம் தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டது. அதனால் அத்துறை வளர்ந்தது உண்மை. ஆனால் வாய் ஒரு வீட்டிலும் மற்றைய உடல் இன்னொரு வீட்டிலும் குடியிருக்கத் தொடங்கின. பணமும் அதே கோட்டின் வழியே பிரிந்தது. பிரித்தானியாவில் 1948 இல் யாவருக்கும் இலவசமாகத் தொடங்கிய சுகாதார சேவையில், மூன்றாண்டுகளுக்குள் கட்டணம் விதிக்கப்பட்டவை பொய்ப் பற்களும் மூக்குக் கண்ணாடிகளும். அதனை எதிர்த்து, சேவையை உருவாக்கிய அனியூரின் பெவனே 1951 இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். இன்றும் அங்கே புற்றுநோய், விபத்து போன்ற சிறப்புக் காரணங்களுக்கு அப்பால் அரச செலவில் இம்ப்ளான்ட் கிடைப்பதில்லை. கனடாவின் 1984 ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம், வைத்தியசாலையில் செய்தே ஆகவேண்டிய பல் சத்திரசிகிச்சையை மாத்திரமே தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2024 இல் சேவை வழங்கத் தொடங்கிய அந்நாட்டின் புதிய பல் பராமரிப்புத் திட்டத்திலும் இம்ப்ளான்டுக்கு இடமில்லை. இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் பல் பிடுங்குவது இலவசம். இழந்த பல்லுக்கு இம்ப்ளான்ட் வேண்டுவோர் பெரும்பாலும் தனியார் துறையையே நாட வேண்டும்.

எனவேதான் நம்மவர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது பல்லையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். சென்னையும் கொழும்பும் அவர்களை வரவேற்கின்றன. இதனை நான் குறை கூறமாட்டேன். இரண்டு நகரங்களிலும் உலகத் தரத்தில் பணிபுரியும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். தமிழில் வாய்விட்டுப் பேசி வைத்தியம் செய்துகொள்வதில் உள்ள நிம்மதியும் சிறிதன்று. எலும்பு ஆறுவதற்கோ விமானச் சீட்டின் திகதி தெரியாது என்பதுதான் தொல்லை. இம்ப்ளான்ட் எலும்போடு இறுகுவதற்குப் பொதுவாக மாதங்கள் தேவை. சைனஸ் லிஃப்ட் செய்த இடத்துக்கு இன்னும் கூடுதல் காலம் தேவைப்படலாம். மூன்று வார விடுமுறைக்குள் அதனை அடக்க முனையும்போது, பின்தொடர்ந்து பார்க்கும் வைத்தியர் இல்லாத ஒரு காயத்தோடு மனிதர் விமானம் ஏறுகிறார். வேறு நாட்டில் சீழ் வைத்தால் அங்குள்ளவருக்கு இது இன்னொருவரின் வேலை. என் நண்பரின் இம்ப்ளான்ட் எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்று எழுதிய ஒரு துண்டுகூட அவரிடம் இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகாணிக்கும் தனித்தனிச் சாவி உண்டென்பதால், அதனைக் கழற்றுவதற்கே லண்டன் பல் வைத்தியர் திண்டாட வேண்டியிருந்தது.

செய்யத்தக்கவை

இம்ப்ளான்ட் செய்யும் வைத்தியர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. மேல்வாயின் பின்பகுதியில் கை வைக்குமுன், முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அறையின் நிலையைப் பாருங்கள். நோயாளியிடம் நாட்பட்ட பீனிசம் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் முதலில் மூக்கு நிபுணரிடம் அனுப்புங்கள். புகைப்பவருக்கும் கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவருக்கும் ஆபத்து கூடுதல் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குட்டையான இம்ப்ளான்ட், பாலம் போன்ற பல் கட்டு, கழற்றி மாட்டும் பல் ஆகிய மாற்று வழிகளையும் விலையோடு எடுத்துரையுங்கள். பதித்த பொருளின் பெயரும் அளவும் இலக்கமும் எழுதிய அட்டையையும் ஸ்கேன் பிரதியையும் கேட்காமலே கையில் கொடுங்கள்.

மூக்குப் பார்க்கும் வைத்தியர்களும் குடும்ப வைத்தியர்களும் ஒருபக்கப் பீனிசத்தோடு வருபவரிடம் பல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே போதும். ஸ்கேன் அறிக்கை எழுதுவோர், சைனஸின் தரையோடு அதன் கீழேயுள்ள பற்களையும் பார்த்து எழுதவேண்டும். பற்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாத அறிக்கைகள் இன்னமும் வெளிவருகின்றன.

நோயாளிகளாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. பல் வைத்தியரிடம் மூக்கையும், மூக்கு வைத்தியரிடம் பல்லையும் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் மூக்கைப் பலமாகச் சீந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், சொல்லும் காலம் வரை விமானப் பயணம் வேண்டாம் என்று வைத்தியர் கூறுவனவற்றை வெறும் சம்பிரதாயமாகக் கொள்ளக்கூடாது. கிழிந்த சவ்வும் இளகிய திருகாணியும் அந்த அழுத்தத்தைத் தாங்காதவை. கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சைனஸ் தொற்று கண்ணுக்கும் மூளைக்கும் பரவுவது அரிது, பரவினால் உயிராபத்து.

இவ்வாறெல்லாம் எழுதுவது மக்களைப் பயமுறுத்தி நல்ல சிகிச்சையிலிருந்து விரட்டும் செயல் அல்லவா என்று பல் வைத்திய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பத்து ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்ப்ளான்ட்கள் நிலைத்திருக்கின்றன என்பதை நீண்டகால ஆய்வுகள் பல காட்டியுள்ளன. மருத்துவத்தில் இத்தகைய வெற்றி எளிதன்று. நூறில் தொண்ணூற்றைந்து பேர் நலமாயிருக்கும்போது மீதி ஐவரைப் பற்றிப் பேசுவது அந்தச் சிகிச்சைக்கு அவதூறு ஆகாது. அந்த ஐவருக்கும் வழி சொல்லத் தெரிந்த சிகிச்சையையே மக்கள் துணிந்து நாடுவார்கள். ஆபத்தை முன்கூட்டிச் சொல்லி, வந்தால் யாரிடம் போவது என்றும் சொல்லும் வைத்தியரை விட்டு எந்த நோயாளியும் ஓடியதாக நான் அறியேன். வந்த பின் கையை விரித்தவரையே அவர்கள் தெருவெல்லாம் தூற்றுகிறார்கள்.

கண்டி பேராதனையில் பல் வைத்தியபீடமும் மருத்துவபீடமும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும் தேசிய வைத்தியசாலையும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. நோயாளி ஒருவர் கோப்பைச் சுமந்துகொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலைவதற்குப் பதிலாக, மாதத்தில் ஒரு நாள் இரு துறை நிபுணர்களும் ஒரே அறையில் அமர்ந்து இத்தகைய நோயாளிகளைப் பார்க்கும் சிகிச்சைக் கூடத்தை நடத்துவதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் வேண்டாம். சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்றும், இரு தரப்பிலும் சிறிது மனமும் இருந்தால் போதும்.

அதுவரை, ஒருபக்க மூக்கடைப்போடு இதனைப் படிக்கும் வாசகர் எவரேனும் இருந்தால், அடுத்த முறை வைத்தியர் முன் அமரும்போது அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். மேல்வாயில் எந்தப் பல், எந்த ஆண்டு, என்ன வேலை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள்.